‘கூட்டம் நடந்தது’ என்பது செய்தி இல்லை: புதிதாகச் செய்தி எழுத வருகிறவர்களுக்கு

இதழியல் வகுப்பின் முதல் வாரத்திலேயே ஒரு பயிற்சி கொடுத்துவிடுவேன். நகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போய்வந்த ஒரு நிருபரின் குறிப்பேட்டில் இருப்பது போல, நானே கற்பனையாக எழுதிய இருபது குறிப்புகள் ஒரே தாளில் கலைந்து கிடக்கும். கூட்டம் திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கியது. தலைவர் தலைமை தாங்கினார். மொத்தம் 14 தீர்மானங்கள். அவற்றில் ஒன்பதாவது ஆற்றுப் பாலத்தைப் பற்றியது: கட்டி 60 ஆண்டு ஆகிறது, இரண்டு தூண்களில் விரிசல், அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து நான்கு மாதம் மூடிவைத்துச் சீரமைக்கப் போகிறார்கள். மாற்றுப் பாதை 11 கிலோமீட்டர் சுற்று. மருத்துவமனை அக்கரையில் இருக்கிறது. ஓர் உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். "இதைச் செய்தியாக எழுதுங்க, அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

வந்து சேரும் தாள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"நகராட்சி மன்றத்தின் சாதாரணக் கூட்டம் திங்கட்கிழமை காலை 10 மணியளவில் தலைவர் தலைமையில் நடைபெற்றது. துணைத் தலைவர் முன்னிலை வகித்தார். ஆணையர் வரவேற்றார். கூட்டத்தில் 14 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன."

இலக்கணம் சரி, தகவலும் சரி. ஆனால் பாலம் மூடப்போகும் விஷயம் ஐந்தாவது பத்தியில், "மேலும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரும். அந்தப் பத்தி வரைக்கும் யார் படிக்கப்போகிறார்கள்?

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றே எழுதிப் பழகியிருக்கிறார்கள், நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் நேர்மை என்றும் ஒரு எண்ணம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. அதனால் நான் தாளைத் திருத்துவதில்லை. எழுதியவரைக் கூப்பிட்டு, தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்பேன்: "நீங்க வீட்டுக்குள்ள நுழையறீங்க, அம்மா செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே கிளம்பிட்டிருக்காங்க, நிக்க நேரமில்லை. இந்தக் கூட்டத்தைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

ஒரு விநாடி யோசிப்பார்கள். அப்புறம் சட்டென்று வரும்: "அம்மா, பாலத்தை மூடப்போறாங்களாம், நாலு மாசத்துக்கு!"

"அம்மா, துணைத் தலைவர் முன்னிலை வகித்தார்" என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஆக, எது செய்தி என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பேனாவைக் கையில் எடுத்ததும்தான் அது மறந்துபோகிறது. செய்தி எழுதக் கற்றுக்கொடுப்பதில் பாதி வேலை, வாசலில் நின்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தாளுக்குக் கொண்டுவர வைப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். நடையழகு, சொல்வளம் எல்லாம் பின்னால் தானே வரும். ‘இதில் செய்தி எது’ என்று முடிவெடுக்காமல் எழுத உட்கார்ந்தால் எவ்வளவு நல்ல தமிழும் கைகொடுக்காது.

அந்த முதல் வாக்கியத்துக்கு அலுவலகங்களில் இன்ட்ரோ என்றும் லீட் என்றும் பெயர். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும், சரியான பாடம்தான். ஆனால் அதைக் கேட்ட மாணவர் அடுத்த நாள் ஆறுக்கும் முதல் வாக்கியத்திலேயே பதில் சொல்லிவிட்டு வந்து நிற்பார். தமிழில் இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் நம் வினைமுற்று கடைசியில் வருகிறது. பாருங்கள்:

"இரண்டு தூண்களில் விரிசல் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, 60 ஆண்டுகள் பழமையான ஆற்றுப் பாலத்தைச் சீரமைக்கும் பொருட்டு, அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் நான்கு மாதங்களுக்குப் போக்குவரத்தை நிறுத்தி, வாகனங்களை 11 கிலோமீட்டர் மாற்றுப் பாதையில் திருப்பிவிட, திங்கட்கிழமை நடைபெற்ற நகராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது."

எல்லாமே இருக்கிறது. ஆனால் கடைசிச் சொல் வரும் வரைக்கும் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூண், விரிசல், 60, 1, நான்கு, 11 என்று ஒவ்வொன்றையும் கையில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் அந்த வினைமுற்று ‘தீர்மானம் நிறைவேற்றப்பட்டது’, அதாவது இருப்பதிலேயே சுவையற்ற தகவல். தமிழ் வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடம் பெரும்பாலும் கடைசிதான், அங்கே எதை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பேசிப் பேசி நாங்கள் வந்து சேரும் வடிவம் ஏறக்குறைய இது:

"ஆற்றுப் பாலம் அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் நான்கு மாதங்களுக்கு மூடப்படுகிறது. அக்கரையில் உள்ள மருத்துவமனைக்கு வாகனங்கள் 11 கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும்.

பாலத்தின் இரண்டு தூண்களில் விரிசல் இருப்பதாகப் பொறியாளர் அளித்த அறிக்கையை ஏற்று, நகராட்சி மன்றம் திங்கட்கிழமை இந்த முடிவை எடுத்தது."

முதல் பத்தியில் என்ன, எங்கே, எப்போது. அதோடு, படிப்பவருக்கு அதனால் என்ன ஆகும் என்பதும் வந்துவிட்டது. ஏன், யார் முடிவெடுத்தது என்பதெல்லாம் இரண்டாவது பத்திக்கு நகர்ந்துவிட்டது. ஆறு கேள்விகளுக்கும் பதில் வேண்டும்தான், ஆனால் ஒரே வாசலில் ஆறு பேரும் முண்டியடித்து நுழைய வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயம் தற்செயலாக வெளியே வரும், எனக்கு வகுப்பிலேயே மிகவும் பிடித்த தருணம் அது. இன்ட்ரோவை இப்படி எழுதி முடித்ததும் யாராவது ஒரு மாணவி கேட்பார்: "சார், ஆம்புலன்ஸ்கூட சுத்தித்தான் போகணுமா? நடந்து போறவங்களுக்கும் பாலம் மூடலா?" குறிப்பில் அது இல்லை! கூட்டத்துக்குப் போன நிருபர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார் என்று எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. எழுதும்போது திணறினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மொழி இல்லை, தகவல் போதாமல் இருப்பதுதான். அப்போது செய்ய வேண்டியது இன்னொரு அழகான சொல்லைத் தேடுவது அல்ல, போனை எடுத்து நகராட்சிப் பொறியாளரைக் கூப்பிடுவது.

இன்ட்ரோவுக்குப் பிறகு மீதியை எந்த வரிசையில் வைப்பது? முக்கியமானது மேலே, அதைவிடக் குறைந்தது அதற்குக் கீழே, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது கடைசியில். இதைத் தலைகீழ் பிரமிடு என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் தந்திக் கம்பி எப்போது அறுந்துபோகும் என்று தெரியாததால் நிருபர்கள் முக்கியமானதை முதலில் அனுப்பினார்கள், அதிலிருந்து பிறந்தது இந்த முறை என்று ஒரு விளக்கம் உண்டு. எல்லா வரலாற்றாசிரியர்களும் அதை அப்படியே ஏற்பதில்லை. செய்தித்தாள்களில் இந்த வடிவம் பரவலாக நிலைத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். ஆனாலும் 1865 ஏப்ரல் 14 இரவு, ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் அனுப்பிய முதல் தந்தியை மாணவர்களுக்குக் காட்டாமல் விடமாட்டேன். தமிழில் சொன்னால்: அதிபர் இன்றிரவு ஒரு நாடக அரங்கில் சுடப்பட்டார், ஒருவேளை உயிர் பிழைக்க முடியாத அளவுக்குக் காயமடைந்திருக்கலாம். அவ்வளவுதான். அதில் ‘ஒருவேளை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாட்டையே உலுக்கும் செய்தி, கையில் ஒரு நிமிடம்கூட இல்லை, அப்போதும் தனக்கு உறுதியாகத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட அவர் எழுதவில்லை. லிங்கன் இறந்தது மறுநாள் காலையில்தான்.

பிரமிடை விளக்க நான் படம் வரைவதில்லை. மாணவரின் தாளையே வாங்கி, கடைசிப் பத்தியைப் பின்பக்கம் மடித்துவிட்டு, "இப்ப செய்தி முழுசா இருக்கா?" என்று கேட்பேன். இருக்கிறது என்றால் அடுத்த பத்தியையும் மடிப்பேன். இப்படி மடித்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் "சார், அதை மடிக்காதீங்க" என்று யாராவது சத்தம் போடுவார்கள். அந்தப் பத்தி இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அச்சுக் கோத்த காலத்தில் பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் நிருபர்கள் பயந்து பயந்து இதைக் கற்றுக்கொண்டார்கள். இன்று போன் திரையில் வெட்டுவது வாசகரின் கட்டைவிரல், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாச் செய்தியையும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீண்ட கட்டுரைக்கு வேறு வடிவங்கள் உண்டு, ஆனால் நடக்கப் பழகிய பிறகு ஓடலாம்.

சரி, இப்போது யார் சொன்னார்கள் என்ற விஷயம். தமிழ்ச் செய்தியில் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களுக்குப் பஞ்சமே இல்லை. யார் கூறினார்கள்? யாருக்குத் தெரிகிறது? அந்தச் சொல் வந்தாலே நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு ‘யார்?’ என்று மட்டும் எழுதுவேன். பதில் இருந்தால் பெயரைப் போடுங்கள். பெயர் சொல்ல முடியாத காரணம் இருந்தால், அவருக்கு அந்த விஷயம் எப்படித் தெரியும் என்பதையாவது சொல்லுங்கள். இரண்டும் முடியாவிட்டால் அந்த வாக்கியம் இன்னும் அச்சுக்குத் தயாராகவில்லை.

சொன்னதைக் குறிக்கும் வினைச்சொல்லிலும் தீர்ப்பு ஒளிந்திருக்கும். "பணம் வாங்கியதாகக் கூறினார்" வேறு, "பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார்" வேறு. இரண்டாவதில் அவர் குற்றவாளி என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். மழுப்பினார், கொதித்தார், சாடினார், விளாசினார் என்றெல்லாம் எழுதினால் செய்தி சூடாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அவர் எந்தக் குரலில் பேசினார் என்பது உங்கள் ஊகம். கூறினார், தெரிவித்தார், இவை இரண்டும் போதும். திரும்பத் திரும்ப வந்தாலும் வாசகர் அவற்றைக் கவனிக்கக்கூட மாட்டார். கைதானவரை ‘அவன்’ என்று எழுதுவதும் இதே ரகம்தான். ‘திருடன் கைது’ என்று தலைப்பு வைத்துவிட்டால், நீதிமன்றம் நாளைக்கு அவரை விடுவித்தால் அந்தச் சொல்லை எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? ‘திருட்டு வழக்கில் ஒருவர் கைது’ என்றால் உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே, எழுதியதும் அவ்வளவே. அவன், அவள் என்ற ஒருமையை வயதுவந்தவர்கள் யாருக்கும் பயன்படுத்தாதீர்கள், குற்றம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் மாறும், மாணவர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள். பயிற்சி நிருபராக இருந்த நாட்களில் ஒரு சாலை விபத்துச் செய்தி எழுதினேன். மோட்டார் சைக்கிளில் போன அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் இறந்துபோனார், மற்றவர் மருத்துவமனையில். போனில் சொன்னதை அவசரமாக எழுதிக்கொண்டதில் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை அவர்களுடைய மாமா பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, போனது பெரியவன். நீங்க சின்னவன் பேரைப் போட்டிருக்கீங்க. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க எல்லாரும் சின்னவனுக்கு அழுதுகிட்டே வந்து இறங்கறாங்க. அவன் அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றார். மறுநாள் திருத்தம் போட்டோம், மூன்று வரி. அதற்குப் பிறகு யார் எந்தப் பெயரைச் சொன்னாலும், எழுத்து எழுத்தாக, முன்னெழுத்தோடு, சொன்னவரிடமே திரும்பப் படித்துக்காட்டாமல் நான் போனை வைத்ததில்லை. என் மாணவர்களுக்கும் அதுதான் விதி. வகுப்பில் எழுதும் செய்தியில் ஒரு பெயர் தப்பாக இருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் பூஜ்யம். கடுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் நான் இறங்கிவருவதில்லை.

எண்களிலும் இப்படி வழுக்கி விழும் இடங்கள் உண்டு. வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் "2 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதுவார்கள். உயர்ந்தது 2 சதவீதப் புள்ளி, சதவீதமாகச் சொன்னால் 50. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! குழப்பமாக இருந்தால் ‘4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்ந்தது’ என்று இரண்டு எண்ணையும் அப்படியே வைத்துவிடுங்கள். இன்னொன்று கூட்டத்தின் அளவு. நடத்தியவர் சொல்வது ஒன்றாகவும் காவல்துறை சொல்வது வேறாகவும் இருக்கும், நிருபர் ‘ஆயிரக்கணக்கானோர்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்வார். 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் இதற்கு எளிய வழி ஒன்று கண்டுபிடித்தார். தன் அலுவலக ஜன்னலுக்குக் கீழே மாணவர்கள் போராட்டத்துக்குக் கூடும் திடல் கட்டங்கட்டமாகப் பிரிந்திருந்தது. சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, ஒரு கட்டத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் என்று பார்த்து, அதை மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். அப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கண்ட அளவு: தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் சுமார் நாலரை சதுர அடி. திடலின் நீள அகலம் தெரிந்தால் போதும், நீங்களே கணக்குப் போடலாம். அதைவிட முக்கியம், யாராவது ஒரு லட்சம் பேர் என்று சொன்னால் அந்த இடத்தில் ஒரு லட்சம் பேர் நிற்கத்தான் முடியுமா என்று கேட்கலாம்.

தெரிந்ததையும் எதிர்பார்ப்பதையும் கலந்துவிடாதீர்கள். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் முதல் பதிப்பு டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்கூட்டியே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது, கருத்துக் கணிப்புகள் எல்லாம் டூயி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஜெயித்தது ட்ரூமன். அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் புகைப்படம் இன்றைக்கும் வகுப்புக்கு வகுப்பு போய்க்கொண்டிருக்கிறது. அவசரமும், ‘இப்படித்தான் ஆகும்’ என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் அனுபவசாலிகளுக்கே இந்த நிலை.

தலைப்பைப் பற்றி இப்போதைக்கு ஒன்றே ஒன்று: செய்தியில் இல்லாத எதுவும் தலைப்பில் இருக்கக்கூடாது. மற்றதை, செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்க்கில் உட்காரும்போது கற்றுக்கொள்வீர்கள்.

கடைசியாக, செய்தியின் கடைசி வரி. மாணவர்கள் எப்படியாவது ஒரு முடிவுரை எழுதிவிடுவார்கள், அதற்கென்றே நம்மிடம் தயாராகச் சில வாக்கியங்கள் இருக்கின்றன. ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.’ யாரிடம் கேட்டீர்கள்? ‘சோகத்தில் ஆழ்த்தியுள்ளது.’ ஒரு வீட்டுக்காவது போய்ப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அங்கே பார்த்ததை எழுதுங்கள், அதைப் படித்து சோகம் தானாக வரும். அப்புறம், ‘என்பது குறிப்பிடத்தக்கது’. குறிப்பிடத்தக்கது என்பதால்தானே எழுதினீர்கள்? நான் அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு வாக்கியத்தை மட்டும் விட்டுவைப்பேன். பாலம் செய்தியில் ஒரு மாணவர் "இந்தப் பாலம் 60 ஆண்டுகள் பழமையானது என்பது குறிப்பிடத்தக்கது" என்று முடித்திருந்தார். "பாலம் கட்டி 60 ஆண்டுகள் ஆகின்றன" என்று திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இதோட நின்னுட்ட மாதிரி இருக்கே, முடிவு வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தகவல் தீர்ந்துவிட்டது, அடுத்த செய்திக்குப் போகலாம்.